சிகுரூப்பை எங்கே மவுண்ட் செய்வது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் ஒரு புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கலாம், சிபியுவில் எவ்வளவு பங்கு பெறலாம் என்று கட்டுப்படுத்துவது சிகுரூப். 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) வந்தது. எல்லாமே ஃபைல் வழியாகத்தான் நடக்கும்: ஃபோல்டர் உருவாக்கினால் ஒரு குழு, அதற்குள் இருக்கும் ஃபைலில் எண்ணை எழுதினால் வரம்பு. ஆனால் இந்த ஃபைல் சிஸ்டத்தை எங்கே மவுண்ட் செய்வது, அதாவது எந்த ஃபோல்டரில் இணைப்பது என்று ஆரம்பத்தில் முடிவாகவில்லை. ஆளுக்கு ஓர் இடம் பிடித்தார்கள். சிலர் /டெவ்/சிகுரூப், சிலர் /எம்என்டி/சிகுரூப். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6 ரூட் ஃபோல்டருக்கு நேர் கீழே /சிகுரூப் என்றே வைத்தது. 2010இல் வந்த 2.6.36 கெர்னல் /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் என்ற காலி ஃபோல்டரைத் தானே ஒதுக்கிக் கொடுத்தது. இன்று அதுதான் இடம்.

பழைய குறிப்புகளைப் பார்த்து இன்னும் சொந்தமாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் மவுண்ட் செய்கிறவர்கள் உண்டு. இதுதான் பெரிய தவறு, ஏனென்றால் இது சத்தமே போடாது. /சிகுரூப் என்பது டிஸ்கில் இருக்கும் சாதாரண ஃபோல்டர். கையால் மவுண்ட் செய்திருந்தால், சர்வரை ரீபூட் செய்ததும் மவுண்ட் போய்விடும், ஃபோல்டர் மட்டும் அங்கேயே நிற்கும். வரம்பு வைக்கும் ஸ்கிரிப்ட் வழக்கம்போல உள்ளே ஒரு ஃபோல்டர் உருவாக்கி, மெமரி.மேக்ஸ் ஃபைலில் 500எம் என்று எழுதும். எரர் வராது. குழுவில் சேர்க்க வேண்டிய புரோகிராமின் அடையாள எண்ணையும் இன்னொரு ஃபைலில் எழுதும், அதற்கும் வராது. டிஸ்கில் இரண்டு வெறும் டெக்ஸ்ட் ஃபைல் உருவானதுதான் மிச்சம். வரம்பு எதுவும் விழவில்லை.

கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. எழுதிய ஃபைலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். உண்மையான சிகுரூப் என்றால் 524288000 என்று பைட் கணக்கில் பதில் சொல்லும். 500எம் என்று எழுதியது எழுதியபடியே வந்தால் அது டிஸ்க். /சிஸ் பக்கம் இந்த ஏமாற்று நடக்காது. அங்கே எதுவும் மவுண்ட் ஆகவில்லையென்றால் எல்லா அனுமதியும் உள்ள ரூட் யூசரே ஃபோல்டர் உருவாக்க முடியாது, ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நின்றுவிடும்.

அடுத்தது, இடம் சரி, உள்ளே இருப்பதைத் தவறாக நினைப்பது. சிகுரூப்புக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. முதல் வடிவத்தில் மெமரி, சிபியு என்று தனித்தனி ஃபோல்டர். இரண்டாம் வடிவத்தில் எல்லாம் ஒரே மரம், ஃபைல் பெயர்களும் வேறு. ஃபெடோரா லினக்ஸ் 2019இல், 31ஆம் பதிப்பில், இரண்டாம் வடிவத்துக்கு மாறியது. ஜாவாவே 15ஆம் பதிப்பில்தான் இதைப் புரிந்துகொண்டது. பிறகு பழைய பதிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். அது புரியாத ஜாவாவை 64 ஜிபி சர்வரில் 2 ஜிபி வரம்புள்ள கன்டெய்னருக்குள் (புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் சூழல்) ஓட்டினால், வரம்பைப் பார்க்காமல் மொத்த மெமரியில் கால் பங்கு, அதாவது 16 ஜிபி வரை ஹீப் (தன் தரவை வைக்கும் மெமரி) எடுக்கலாம் என்று எண்ணிக்கொள்ளும். அப்புறம் கெர்னல் அதைக் கொன்றுவிடும். ஸ்டாட் கட்டளையால் /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்பின் ஃபைல் சிஸ்டம் வகையைக் கேளுங்கள்: சிகுரூப்2எஃப்எஸ் என்றால் புதியது, டிஎம்பிஎஃப்எஸ் என்றால் பழையது.

பாதையை நிரலுக்குள் அப்படியே எழுதிவைப்பதும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் இன்றும் /டெவ்/சிபியுசெட் போன்ற இடங்கள் இருக்கின்றன. /ப்ராக்/செல்ஃப்/மவுண்ட்இன்ஃபோவைப் படித்தால் எது எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்று கெர்னலே சொல்லிவிடும்.

கடைசியாக, சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் புரோகிராம்) ஓடும் சர்வரில் சிகுரூப் மரம் சிஸ்டம்டியின் பொறுப்பு. அதன் மேல்மட்டத்தில் நாமாக ஃபோல்டர் உருவாக்கி விளையாடக் கூடாது. வரம்பு மட்டும் போதும் என்றால் அந்த சர்வீஸின் அமைப்புகள் இருக்கும் யூனிட் ஃபைலில் மெமரிமேக்ஸ் என்று ஒரு வரி எழுதினால் சரி. உள்ளே சொந்தக் குழுக்கள் வேண்டும் என்றால் டெலிகேட் என்ற வரியைச் சேர்த்து, தனக்குக் கிடைத்த கிளைக்குள் மட்டும் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.