ஸ்பார்க் கணினியின் பூட் வரிசையை ‘ஓகே’ கட்டளைகளால் மாற்றுவது எப்படி?

சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகளில், இயங்குதளம் ஏறுவதற்கு (இதுவே பூட்) முன்பே விழித்துக்கொள்ளும் ஃபர்ம்வேருக்கு, அதாவது வன்பொருளிலேயே பதிந்திருக்கும் மென்பொருளுக்கு, ஓப்பன்பூட் என்று பெயர். இயங்குதளத்தை எந்தச் சாதனங்களில், எந்த வரிசையில் தேடுவது என்பதே பூட் வரிசை. ஃபோர்த் என்னும் நிரல்மொழியை அடித்தளமாகக் கொண்ட இதன் வடிவமைப்பே 1994இல் ஐஇஇஇ 1275 என்னும் தரமாயிற்று. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

முதலில் ‘ஓகே’ என்ற கட்டளை வரிக்கு வர வேண்டும். சன்னின் இயங்குதளமான சோலாரிஸ் ஓடிக்கொண்டிருந்தால், முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக ‘இனிட் 0’ கொடுத்து முறையாக இறக்குங்கள். சன் விசைப்பலகையில் ஸ்டாப், ஏ இரண்டையும் சேர்த்து அழுத்தினாலும் அந்த வரி வரும். ஆனால் அது இயங்குதளத்தை நடுவழியில் நிறுத்திவைப்பதால், அங்கிருந்தே மறுபடி பூட் செய்தால் வட்டில் எழுதப்படாத தரவு போய்விடும். தவறி அழுத்தியவர்கள் ‘கோ’ என்று தட்டினால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அடுத்து, எதையும் மாற்றுவதற்கு முன் ‘பிரிண்ட்என்வ்’ கொடுத்து, பூட் வரிசையைக் குறிக்கும் பூட்-டிவைஸ் எதிரே உள்ள மதிப்பைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பெரும்பாலும் அங்கே ‘டிஸ்க் நெட்’ என்றிருக்கும்: வட்டு கிடைக்காவிட்டால் பிணையத்தில் தேடு என்று பொருள். டிஸ்க் என்பது எந்த வன்வட்டைக் குறிக்கிறது என்பதை ‘டெவ்அலியாஸ்’ காட்டும்.

ஒரே ஒரு முறை குறுவட்டிலிருந்து பூட் செய்ய ‘பூட் சிடிராம்’ போதும். சேமித்த அமைப்பு எதுவும் மாறாது. புதியவர்கள் நிரந்தர மாற்றத்துக்கு முன் இப்படிச் சோதித்துப் பார்ப்பதே நல்லது.

சோதனை சரியாக அமைந்த பிறகு, ‘செட்என்வ் பூட்-டிவைஸ் டிஸ்க்1 நெட்’ என்று கொடுத்தால், புதிய வரிசை என்விராம் என்னும் அழியா நினைவகத்தில் பதிந்து, மின்சாரம் போனாலும் நிலைத்திருக்கும். மின்விசையைப் போட்டதும் தானாகப் பூட் ஆகாமல் ஓகே வரியிலேயே நிற்க வேண்டுமானால், ‘செட்என்வ் ஆட்டோ-பூட்? ஃபால்ஸ்’ என்று கொடுங்கள். அந்தக் கேள்விக்குறி பெயரின் பகுதி. ஆம், இல்லை என்று விடை கொள்ளும் பெயர்களைக் கேள்விக்குறியில் முடிப்பது ஃபோர்த் மரபு. அதை விட்டுவிட்டால் கணினிக்கு அந்தப் பெயரே தெரியாது.

பதித்தது பிழையானால் ‘செட்-டிஃபால்ட் பூட்-டிவைஸ்’ அந்த ஒன்றை மட்டும் ஆலை அமைப்புக்குத் திருப்பும். ‘செட்-டிஃபால்ட்ஸ்’ ஏறத்தாழ எல்லாவற்றையும் திருப்பிவிடும் என்பதால், அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் ஆட்டோ-பூட்? மதிப்பை மீண்டும் ட்ரூ ஆக்கி, ‘ரீசெட்-ஆல்’ கொடுங்கள். கணினி எழும்போது திரையில் ‘பூட் டிவைஸ்’ என்று தொடங்கும் வரியில், நீங்கள் தேர்ந்த வட்டின் பாதை இருக்கிறதா என்று பாருங்கள்.