குழந்தைக்குக் கதை வாசித்துக் காட்டுவது எப்படி?

தமிழில் குழந்தைக்குக் கதை வாசிக்க உட்காரும் பெற்றோருக்கு முதல் பக்கத்திலேயே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. வீட்டில் ‘போனான்’, ‘நின்னுச்சு’ என்று கேட்டுப் பழகிய இரண்டரை வயதுக் குழந்தையிடம் புத்தகம் ‘சென்றான்’, ‘நின்றது’ என்று பேசுகிறது. நான்கு வரி கேட்டதும் குழந்தை மடியிலிருந்து நழுவி இறங்கிவிட்டால், அதற்குப் புத்தகமே பிடிக்கவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அதற்குப் பிடிபடாமல் போனது கதையன்று, கதையின் நடை.

ஆகவே மூன்று வயது வரை அச்சிட்ட வரிகளை அப்படியே படிக்க வேண்டியதில்லை. படத்தைக் காட்டி, உங்கள் வீட்டுப் பேச்சிலேயே கதையைச் சொல்லுங்கள். பிறகு வரியை உள்ளபடி வாசித்து, அதன் வாலாகப் பேச்சுத் தமிழை ஒட்டுங்கள்: “யானை திகைத்து நின்றது, என்ன பண்றதுன்னே தெரியாம அப்படியே நின்னுச்சு.” பத்துப் பதினைந்து முறை இவ்வாறு கேட்ட குழந்தைக்குத் ‘திகைத்து’ என்பதற்குத் தனியே பொருள் சொல்லத் தேவையிராது. அதன் பின் ஒட்டிய வாலைச் சிறிது சிறிதாக விட்டுவிடலாம். கதைமாந்தர் பேசும் இடங்களை மட்டும் எந்த வயதிலும் பேச்சு நடையிலேயே வாசிப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. கோபம் கொண்ட கரடி ‘என்ன செய்கிறாய்?’ என்று கேட்டால் எந்தக் குழந்தை பயப்படும்?

தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருவது வாசிப்பவருக்குக் கிடைத்த வரம். “குரங்கு கிளைக்குக் கிளை தாவி, வாழைப்பழத்தை எட்டிப் பிடிக்கப் போய், ஆற்றில் தொப்பென்று...” என்று படித்து மூச்சைப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். இரண்டாம் முறை கேட்கும் குழந்தை ‘விழுந்தது!’ என்று தானே கத்தி முடித்துவைக்கும். ஒரே கதையை இருபதாம் முறை கேட்டு அடம்பிடிப்பதும் இந்த இன்பத்திற்காகத்தான் என்பதால், வாசிப்பவருக்கு அலுத்தாலும் மறுக்கக் கூடாது.

வாசிப்பதற்கு முன் ஒருமுறை மனத்துக்குள் படித்து, நீண்ட வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்று பார்த்துக்கொள்வது நல்லது. லகர, ளகர, ழகரங்களைக் குழந்தை உங்கள் உச்சரிப்பைக் கேட்டே கற்கிறது என்பதால் அவற்றை விழுங்காமல் உச்சரியுங்கள். அதற்காக வரியின் நடுவில் நிறுத்தி எழுத்துப் பாடம் நடத்தத் தொடங்கினால் அன்றைய கதை அத்துடன் போயிற்று. தூங்கப்போகும் முன் பத்து நிமிடம், தொலைபேசி வேறு அறையில், அவ்வளவே போதும்.

நம்மவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு: கதை முடிந்தவுடன், “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?” என்று கேட்பது. ஆமை ஏன் அழுதது என்று குழந்தை யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அதனிடம் நீதி கேட்பது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் ரசீது நீட்டுவது போலாகும். அது கேட்கும் கேள்விக்கு மட்டும் விடை சொல்லுங்கள். கேட்காவிட்டால் பேசாமல் விளக்கை அணையுங்கள்.

புத்தகங்களைக் கண்ணாடி பீரோவில் பூட்டி வைக்காமல் குழந்தையின் கை எட்டும் தாழ்வான தட்டில் வையுங்கள். கடித்தாலும் கிழியாத தடித்த அட்டைப் புத்தகங்களே கைக்குழந்தைக்கு ஏற்றவை. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் இணைந்த படக்கதைகளை வெளியிடுகிறது. சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை வாசிப்பு நிலைவாரியாகத் தேர்ந்து, இலவசமாகப் படிக்கவும் அச்சிட்டுக்கொள்ளவும் முடியும். 2010இல் திறக்கப்பட்ட சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்; எடுப்பது பேருந்துப் படங்கள் மட்டுமே உள்ள புத்தகமாக இருந்தாலும் சரி.

எழுத்து நடை எப்போது உள்ளே இறங்கியது என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். எங்கள் வீட்டு நான்கு வயதுக்காரி ஒருநாள் இரவு மூன்றாவது தோசையைத் தட்டோடு தள்ளிவிட்டு, “‘எனக்குப் போதும்’ என்றாள் பாப்பா” என்று தன்னைப் பற்றித் தானே அறிவித்தாள்.