சொறி சிரங்கு: களிம்பு பூசியும் ஏன் போகவில்லை?

ராத்திரி படுத்ததும் அரிப்பு உயிரை எடுக்கிறது, வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் முதல் சந்தேகம் சிரங்கின் மேல்தான். விரல் இடுக்கு, மணிக்கட்டின் உள்பக்கம், அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரும்.

சிரங்கை உண்டாக்கும் நுண்ணிய பூச்சி தோலுக்குள் குடைந்த வளை, சில மில்லிமீட்டர் நீளத்தில் வளைந்த சாம்பல் கோடாகத் தெரியும். தெரியாவிட்டால் சந்தேகமான இடத்தில் பேனா மையைத் தடவி, ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். வளைக்குள் இறங்கிய மை மட்டும் கோடாக நிற்கும். நிற்காவிட்டால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உடம்பு முழுக்கவே பெரும்பாலும் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும்.

டாக்டர்கள் வழக்கமாக எழுதித்தருவது 5% பெர்மெத்ரின் களிம்பு. பெரியவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 30 கிராம். அரிக்கிற இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் பூசுவதால்தான் பலருக்குப் போவதில்லை. நகத்தை வெட்டிவிட்டு, ஈரமில்லாத, சூடு தணிந்த தோலில், கழுத்திலிருந்து கால்விரல் வரை பூசுங்கள். முதுகு, பிட்ட இடுக்கு, தொப்புள், நக அடி எதுவும் விடுபடக் கூடாது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கண், வாயைத் தவிர்த்து முகம், தலையிலும் பூச வேண்டும். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூசுங்கள். 7 நாள் கழித்து இன்னொரு முறை. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் பூச வேண்டாம்.

ஐவர்மெக்டின் மாத்திரை என்றால் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ எடைக்கு 12 மில்லிகிராம். ஒன்று முதல் இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு வேளை. கர்ப்பிணிக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் கொடுப்பதில்லை.

வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும், அரிப்பு இல்லாதவரும்தான். முதல் முறை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் அவரே மற்றவர்களுக்குப் பரப்பிவிடுவார். கடைசி மூன்று நாளில் உடுத்திய துணி, போர்வையைக் கொதிநீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் கட்டி வையுங்கள். வீட்டுக்கு மருந்தடிப்பது வீண்செலவு.

பூச்சி செத்தாலும் அரிப்பு 2 முதல் 4 வாரம் நீடிக்கும். அதற்காகத் தினமும் களிம்பைப் பூசினால் தோல் எரிந்து இன்னும் அரிக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலவைக் களிம்பு அரிப்பை அடக்கி நோயை மறைக்கும், பூச்சியைக் கொல்லாது. நான்கு வாரத்துக்குப் பிறகும் புதுச் சிறு பருக்கள் வந்தால் டாக்டரிடம் போங்கள். சீழ் வைத்தால் காத்திருக்காதீர்கள். குழந்தைக்கு முகம் வீங்கினாலோ சிறுநீர் கருத்துப் போனாலோ சிறுநீரகம் பாதித்திருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.