கடுகின் காரம் எங்கிருந்து வருகிறது? வீட்டிலேயே ஒரு சோதனை

தாளிக்கிற கடுகைக் கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள். நெடியே இருக்காது. காரம் அதற்குள் ஆயத்தமாக இல்லை. கடிபட்ட பிறகுதான் உண்டாகிறது. தன்னைத் தின்ன வரும் பூச்சிக்காகக் கடுகுச் செடி செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. விதையில் மட்டுமல்ல, இலையிலும் உண்டு.

படி 1. ஐந்து தேக்கரண்டி கடுகை ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் பொடியுங்கள்.

படி 2. இரண்டு தேக்கரண்டி பொடியை ஒரு கிண்ணத்தில் போட்டு, பச்சைத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். இன்னும் இரண்டு தேக்கரண்டியைத் தளதளவென்று கொதிக்கும் நீரில் கொட்டி, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். மீதிப் பொடி பிறகு வேண்டும்.

படி 3. பத்து நிமிடம் கழித்து, கிண்ணத்தைச் சற்றுத் தள்ளியே பிடித்து முகருங்கள். கையைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள். பச்சைத் தண்ணீர்க் குழைவு மூக்கில் ஏறும். கொதித்ததில் அந்த நெடி இராது.

கடுகில் சினிக்ரின் என்ற பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறு செல்களிலும் இருக்கின்றன. புழு கடித்ததும் செல்கள் உடைந்து, ஈரத்தில் இரண்டும் கலக்கின்றன. அப்போது பிறப்பதுதான் அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காரம். இது பூஞ்சையின் வளர்ச்சியையும் தடுக்கும். செடியின் செல்களையே தாக்கக்கூடியது என்பதால்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடம் எனக்கு வியப்புத்தான்.

நொதி ஒரு புரதம். கொதித்தால் கெட்டுவிடும். எண்ணெயில் வெடித்த கடுகு மூக்கில் ஏறாததும், பச்சைக் கடுகுப்பொடி சேர்த்த ஆவக்காய் ஏறுவதும் இதனால்தான்.

படி 4. சோதனையின் உயிர் இதில் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். நன்றாக ஆறிய கொதித்த குழைவில் கால் தேக்கரண்டி பச்சைப்பொடி கலக்குங்கள். ஒப்பிட, அதே அளவு பொடியை வெறும் தண்ணீரிலும் கலக்குங்கள். இருபது நிமிடம் கழித்து முகர்ந்தால் முதலாவதில்தான் நெடி கூடுதலாக இருக்கும். கொதித்ததில் சினிக்ரின் அழியாமல் காத்திருந்தது; நீங்கள் கொடுத்தது நொதியை.

இதையும் வென்ற பூச்சி உண்டு. முட்டைக்கோசைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு, மைரோசினேஸ் தொடுவதற்குள் சினிக்ரின் போன்ற பொருள்களைத் தன் குடலிலேயே மாற்றிவிடுகிறது. தாய் அந்துப்பூச்சியோ இந்த நெடியைப் பிடித்துக்கொண்டே முட்டையிட வருகிறது. அதனால்தான் 25 வரிசை முட்டைக்கோசுக்கு 2 வரிசை கடுகைப் பொறிப்பயிராக விதைக்கச் சொல்கிறார்கள்.