கப்பலைப் பார்த்துக் கயிற்றை மறந்துவிடாதீர்கள்

டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில், எங்கள் சங்கக் கூடத்தில் மாதம் ஒரு படம் போட்டுப் பேசுவோம். போன மாதம் வெர்னர் ஹெர்சாக் 1982-இல் எடுத்த ‘ஃபிட்ஸ்கரால்டோ’ போட்டோம். அமேசான் காட்டு ஊரான இக்கிட்டோஸில் ஓப்பரா என்ற இசைநாடகத்துக்கு அரங்கம் கட்டியே தீருவேன் என்று நிற்கிறான் ஒருவன். அதற்கான பணம் ரப்பர்க் காட்டில் இருக்கிறது. அங்கே போக, காட்டுப் பழங்குடியினரைக் கயிறு இழுக்க வைத்து, நீராவிக் கப்பலை ஒரு மலைமேல் ஏற்றி மறுபக்கத்து ஆற்றில் இறக்கப் பார்க்கிறான். அருமையான படம். அதை நாங்கள் போட்ட விதத்தில்தான் தவறுகள். நீங்கள் அவற்றைச் செய்ய வேண்டாம்.

நேரம் போதாது என்று முதல் பகுதியை ஓட்டிவிட்டு, நேராகக் கப்பலுக்குப் போனோம். செய்யவே கூடாது. தொடக்கத்தில், படகு எஞ்சின் பழுதாகி, நாள்கணக்கில் துடுப்புப் போட்டு மனாஸ் நகரத்துக்கு வந்து சேருகிறான், புகழ்பெற்ற ஓப்பரா பாடகர் கரூசோ பாடுவதைக் கேட்க. கையில் துணிக்கட்டு. அந்தக் கைகளைப் பார்க்காதவர்களுக்கு மலைக் காட்சி வெறும் சாகசம்தான்.

அப்புறம், கதையையும் வரலாற்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கார்லோஸ் ஃபெர்மின் ஃபிட்ஸ்கரால்ட் என்ற பெரு நாட்டு ரப்பர் முதலாளி உண்மையில் இருந்தார். ஆனால் அவர் கொண்டுபோனது மிகச் சிறிய கப்பல், அதுவும் பாகம் பாகமாகக் கழற்றி. 320 டன் கப்பலை முழுசாக ஏற்ற வேண்டும் என்றது ஹெர்சாக்கின் பிடிவாதம். பொம்மைக் கப்பல் வேண்டாம் என்று நிஜமாகவே ஏற்றினார். அதற்காக எல்லாம் கைப்பலத்தால் நடந்தது என்றும் நம்ப வேண்டாம், படப்பிடிப்பில் புல்டோசரும் இருந்தது.

பெரிய தவறு பேச்சு நேரத்தில் நடந்தது. ‘கனவு இருந்தால் மலையையும் தாண்டலாம்’ என்று இளைஞர்கள் சொல்ல, நானும் தலையாட்டினேன். பின்வரிசையில் இருந்த ஒரு ஆயா கேட்டார்: “தம்பி, அந்தக் கயித்த இழுத்தாங்களே, அவங்களுக்கு என்ன கூலி?”

கூடத்தில் சத்தமே இல்லை. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளோடு ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்தது. ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். கரும்பு முதலாளிகளின் ஆசைக்கு உடம்பைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கே அந்தக் கேள்வி தோன்றவில்லையே என்பது இன்னும் உறுத்துகிறது.

படத்துக்குள்ளேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) மலையைத் தாண்டிய இரவில், கப்பல்காரர்கள் தூங்கும்போது, இழுத்தவர்களே கட்டிய கயிற்றை அறுத்துக் கப்பலை வெள்ளத்தில் விடுகிறார்கள். ஆற்றின் கொந்தளிப்பில் குடியிருக்கும் ஆவிகளைச் சாந்தப்படுத்தும் காணிக்கை அது. ஆக, அவர்கள் இழுத்தது ஓப்பராவுக்காக அல்ல. தேர் வடம் பிடிப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வேண்டுதல் இருக்குமே, அப்படி. அடுத்த முறை அந்தக் காட்சிகளில் கதாநாயகனை விட்டுவிட்டு அவர்கள் முகங்களைப் பாருங்கள். அவன் கேட்காத கேள்விக்கு அவர்கள் ஆரம்பத்திலிருந்தே பதில் வைத்திருக்கிறார்கள்.

படத்துக்கு வெளியே நடந்ததையும் ‘கலைக்காகப் பட்ட பாடு’ என்று கடந்துவிடாதீர்கள். அகுவாருனா என்ற பெரு நாட்டுப் பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தில் படமெடுப்பதை எதிர்த்தார்கள். 1979-இல் படக்குழுவின் முகாம் எரிக்கப்பட்டது, இடத்தையே மாற்ற வேண்டிவந்தது. வேலை செய்த பழங்குடியினர் சிலர் காயப்பட்டார்கள். ஹெர்சாக்குக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது, தகுதியான விருதுதான். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

படப்பிடிப்பைப் பற்றி லெஸ் பிளாங்க் எடுத்த ‘பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்’ ஆவணப்படத்தையும் போடலாம். ஆனால் பிறகு. முன்பே போட்டால், கப்பல் ஏறுமா என்ற பதைப்பு போய்விடும்.

திரையில் ஓடும் வசன எழுத்தை வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருந்தால் ஆங்கிலப் பதிப்பையே எடுங்கள். படப்பிடிப்பில் நடிகர்கள் பேசியதும் ஆங்கிலம்தான். நாங்கள் ஜெர்மன் பதிப்பைப் போட்டதில் அந்த ஆயாவுக்குப் பாதி வசனம் புரியவில்லை. அடுத்த மாதம் அவருக்காக மறுபடி போடுகிறோம், முதல் காட்சியிலிருந்து.