செம்மண் கொல்லைக்கு உயிர்க்கரி: சுடுவதைவிட ஊறவைப்பதுதான் முக்கியம்

பண்ருட்டி பக்கம் செம்மண் கொல்லை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஐப்பசி, கார்த்திகையில் அடித்து ஊற்றுகிற மழை தை பிறப்பதற்குள் எங்கே போனதென்றே தெரியாது. போட்ட எருவும் அதோடு கீழே இறங்கிவிடும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த பிறகு நிழலும் சருகும் இல்லாமல் வெறுமனே கிடந்து இறுகிப்போன கொல்லைகள் எத்தனையோ. எங்கள் கொல்லையும் அதில் ஒன்று. அதை மீட்கத்தான் உயிர்க்கரி, அதாவது பயோசார், பக்கம் வந்தேன். விறகைச் சாம்பலாக விடாமல் சுட்டு மண்ணில் போடுகிற கரிதான் அது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கரி உரம் இல்லை. அது ஒரு வீடு மாதிரி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருக்கின்றன, தண்ணீரும் சத்தும் நுண்ணுயிரும் அதில் தங்கும். காலி வீட்டை மண்ணில் போட்டால் அது பயிருக்கு வைத்த சத்தைத்தான் முதலில் இழுத்து வைத்துக்கொள்ளும். நான் முதல் வருஷம் சுட்ட கரியை அப்படியே இடித்துக் கத்தரிப் பாத்தியில் கலந்துவிட்டேன். இருபது நாளில் அடி இலையெல்லாம் வெளிறி மஞ்சளாகி, பக்கத்துப் பாத்தி தழைத்து நிற்க இது மட்டும் குத்துக்கல் மாதிரி நின்றது. தழைச்சத்தைக் கரி பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான் விஷயம். சாணிக் கரைசலை ரெண்டு மூன்று தடவை ஊற்றிய பிறகுதான் செடி தேறியது.

சரி, எதைச் சுடுவது? இதற்காக ஒரு மரத்தையும் வெட்டாதீர்கள். முந்திரிக் கவாத்துக் கிளை, சவுக்கு மிலாறு, வேலிக்காத்தான், மல்லாட்டைத் (நிலக்கடலை) தோல், தென்னை மட்டை என்று நம் ஊரில் வீணாக எரிகிறதே போதும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கட்டை மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் வேண்டாம். முந்திரிக்கொட்டைத் தோட்டை மட்டும் இந்தக் குழியில் போடாதீர்கள். அதிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், அந்தப் புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது.

வாய் ஐந்தடி அகலம், ஆழம் மூன்றடி, கீழே போகப்போகக் குறுகுகிற மாதிரி ஒரு குழி வெட்டுங்கள். கூரை வீடு, தோப்பு, வைக்கோல்போர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. காற்று அடங்கியிருக்கிற விடியற்காலைதான் நல்ல நேரம். அடியில் கொஞ்சம் சுள்ளியை அடுக்கி, தீயை மேலே வையுங்கள், அடியில் வைத்தால் புகைதான் மிஞ்சும். சுள்ளி கனன்று அதன் மேல் லேசாக வெள்ளைச் சாம்பல் பூக்கிற நேரம் பார்த்து அடுத்த அடுக்கைப் பரப்ப வேண்டும். மேலே எரிகிற சுவாலை காற்றை எல்லாம் தின்றுவிடுவதால் கீழே இருப்பது சாம்பலாகாமல் கரியாகவே நிற்கும், இந்த முறையின் சூட்சுமமே அதுதான். புகை கிளம்பினால் விறகு ஈரம், அல்லது அவசரப்பட்டு நிறையப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். குழி நிறைய ரெண்டு மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் எழுந்து டீ குடிக்கப் போக முடியாது.

நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். குடம் ரெண்டு குடமெல்லாம் பத்தாது, மோட்டார் தண்ணீர் வேண்டும். வெளியே அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே கனல் இருக்கும், மறுநாள் கைவிட்டுப் பார்க்காமல் சாக்கில் கட்டாதீர்கள். காய்ந்த விறகு 100 கிலோ போட்டால் 20 கிலோ அளவுக்குக் கரி கிடைக்கும். நல்ல கரியை உடைத்தால் கண்ணாடி மாதிரி கிணுங்கும், கையில் தேய்த்தால் வெறும் தண்ணீரிலேயே கழுவிப் போகும். பிசுபிசுத்து சோப்பு கேட்டால் வேகவில்லை, எடுத்து அடுத்த குழியில் போடுங்கள். ஈரமாக இருக்கும்போதே சாக்கில் போட்டு அடித்து மல்லாட்டைப் பருப்பு அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த தூள் மூச்சில் போகும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. மாட்டு மூத்திரம் ஒரு பக்கெட்டுக்கு ஐந்து பக்கெட் தண்ணீர் கலந்து கரியை ஒரு நாள் ஊறவையுங்கள், சாணி, மூத்திரம், வெல்லம் எல்லாம் கரைத்துப் புளிக்கவைத்த ஜீவாமிர்தம் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு கரிக்குச் சம அளவு மக்கிய தொழு உரத்தைக் கலந்து நிழலில் குவித்து, ஈரம் காயாமல் வாரம் ஒரு தடவை புரட்டிவிட்டு, குறைந்தது மூன்று வாரம் விடுங்கள். பிடித்துப் பார்த்தால் கரி வாசனை போய் முதல் மழை மண் வாசனை வரும்.

அளவு என்றால் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கரி, செண்டுக்கு 40 கிலோ, ஏக்கருக்கு 4 டன் ஆகிறது. அவ்வளவு ஒரே வருஷத்தில் யாராலும் சுட முடியாது. கொல்லை முழுக்கத் தூவி வீணாக்காமல் நடவுக் குழியிலும் பாத்தி வரிசையிலும் மட்டும் போட்டு, வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே போங்கள். மண்ணில் போன கரி எளிதில் மக்காது, நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும்.

கரிக்குக் காரத்தன்மை உண்டு, அதனால் புளிப்பேறிய செம்மண்ணுக்கு அது பொருந்துகிறது. கடலோர உவர் மண்ணில் பரிசோதனை செய்யாமல் போடவே கூடாது, மண்ணின் புளிப்பு, காரத்தைக் காட்டும் பிஹெச் எண் 8-ஐத் தாண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். மண்ணை எடுத்துக்கொண்டு விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். இன்னொன்று, கரி மிதக்கும். வரப்பு இல்லாத சரிவில் போட்டால் முதல் மழைக்கே ஓடையில் போய்விடும். 1968-ல் புதுச்சேரி பக்கத்தில் ஆரோவில் நகரம் தொடங்கியபோது அந்த மேடும் வறண்டு அரித்துக் கிடந்த செம்மண்தான், அங்கேயும் வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்தித்தான் மரங்களைக் கொண்டுவந்தார்கள்.

ஏற்கெனவே நிற்கிற பலா, முந்திரிக்கு அடிமரத்தை ஒட்டித் தோண்டாதீர்கள். கிளை நுனி நிழல் விழுகிற இடத்தில் ஒரு முழ ஆழத்துக்கு அரைவட்டமாகப் பள்ளம் எடுத்து, ஊறிய கரியைப் போட்டு மண்ணை மூடி, மேலே சருகைப் பரப்பி ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். மறு அரைவட்டத்தை அடுத்த வருஷம் எடுத்தால் போதும், வேர் ஒரேயடியாக அறுபடாது.