பாத்திரத்தை வைத்ததும் அணைந்துபோன கேன் அடுப்பு

மலையேற்றத்துக்கு எடை குறைவாக இருக்கட்டும் என்று அலுமினிய குளிர்பான கேனை வெட்டி ஒரு ஸ்பிரிட் அடுப்பு செய்தேன். சும்மா பற்ற வைத்தால் நன்றாக எரிந்தது. மேலே பாத்திரத்தை வைத்ததும் சுடர் மஞ்சளாகிச் சுருங்கும், மூக்கில் ஏறும் நெடி வரும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவே இல்லை.

ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று வேறு பாட்டில் வாங்கினேன். கேனில் சுடர் வரும் ஓட்டைகளைப் பெரிதாக்கினேன். ஸ்பிரிட்டைக் கூடுதலாக ஊற்றியும் பார்த்தேன். பல நாள் வீணானதுதான் மிச்சம்.

துப்பு கொடுத்தது அந்த நெடிதான். ஸ்பிரிட் முழுதாக எரிந்தால் அப்படி வாடை வராது. காற்று போதவில்லை என்று அர்த்தம். கம்பி வலையை வளைத்து ஒரு தாங்கி செய்து, அடுப்பின் விளிம்புக்கும் பாத்திரத்தின் அடிக்கும் நடுவே 3 செ.மீ. இடைவெளி விட்டேன். அப்புறம் அடுப்பைச் சுற்றி நிறுத்தும் காற்றுத்தடுப்புத் தகட்டின் கீழ் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, பாத்திரத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி நிறுத்தினேன். சுடர் நீலமாகி நிலைத்தது. அரை லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அப்பாடா!

இன்னொன்று: பகல் வெளிச்சத்தில் இந்த நீலச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஸ்பிரிட்டை ஊற்றிவிடாதீர்கள். கையைச் சற்று உயரத்தில் நீட்டிச் சூடு பாருங்கள், அடுப்பு நன்றாக ஆறிய பிறகே ஊற்றுங்கள்.